டாக்டர் "போகலாம்" என்று சொல்லி ஒன்பதரை மணி நேரம்: பில் எங்கே நிற்கிறது?

திருச்சிக்காரர் | ஆகஸ்ட் 11, 2025, இரவு 9:50

கேஷ்லெஸ் (பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) என்பதெல்லாம் பெயரளவில்தான். காலை ஒன்பதரை ரவுண்ட்ஸில் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். பேஷன்ட் படி இறங்கும்போது இரவு ஏழு. ஆஸ்பத்திரியில் கேட்டால் "இன்சூரன்ஸ் அப்ரூவல் வரல". கம்பெனிக்குப் போன் போட்டால் "ஆஸ்பத்திரி இன்னும் பேப்பரே அனுப்பல". மூணு மணி நேரத்துக்குள் முடிக்கணும்னு ரூல் வந்திருக்காமே? இதில் யார் சொல்வது பொய்? அதோடு இரண்டு லட்சம் பில்லில் அறுபதாயிரத்தைக் கையில் இருந்து கட்டச் சொல்கிறார்களே, அது எந்தக் கணக்கு?

மேசைக்காரர் | ஆகஸ்ட் 11, 2025, இரவு 11:20

பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. காலையில் கம்பெனி சொல்வது நிஜம், சாயங்காலம் ஆஸ்பத்திரி சொல்வது நிஜம்.

ரூல் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே 29 அன்று வெளியிட்ட மாஸ்டர் சர்குலர். கேஷ்லெஸ் கேட்டு விண்ணப்பம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள். அதைத் தாண்டினால், தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகப் போடும் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி தன் பங்குதாரர் நிதியிலிருந்து கட்ட வேண்டும்.

இதில் எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த மூன்று மணி நேரம் டாக்டர் "போகலாம்" என்றதும் ஆரம்பிப்பதில்லை. ஆஸ்பத்திரி பைனல் பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கம்பெனிக்கோ டிபிஏவுக்கோ (கம்பெனிக்காகக் கிளெய்ம் வேலை பார்க்கும் நிறுவனம்) ஏற்றி அனுப்பிய நிமிஷத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒன்பதரைக்கு டாக்டர் சொல்லி, பேப்பர் இரண்டு மணிக்குப் போனால் கெடு ஐந்து மணி. இடையில் போன நாலரை மணி நேரத்துக்கு எந்த ரூலும் இல்லை.

அதனால் இன்சூரன்ஸ் டெஸ்கில் "அப்ரூவல் வந்துச்சா?" என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. "பைனல் பில் எத்தனை மணிக்கு அப்லோடு ஆச்சு?" என்று கேளுங்கள். பதில் ஒரு நேரமாக வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். "போட்டுட்டு இருக்கோம்" என்று வந்தால் கோப்பு இன்னும் கட்டடத்தை விட்டே கிளம்பவில்லை.

மேசைக்காரர் | ஆகஸ்ட் 12, 2025, காலை 6:45

அந்த நாலரை மணி நேரம் எங்கே போகிறது என்பதை நேற்று விட்டுவிட்டேன்.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் டியூட்டி டாக்டர் சம்மரி டைப் அடிக்க உட்கார வேண்டும். அவருக்கு அதே நேரத்தில் பத்து பேருக்கு டிஸ்சார்ஜ், இரண்டு பேருக்கு அட்மிஷன். டைப் அடித்ததைப் பெரிய டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டால் ஒரு மணிக்கு முன் வெளியே வர மாட்டார். பெரிய தாமதம் இந்தக் கையெழுத்தில்தான். இன்னொரு பக்கம் லேப், எக்ஸ்ரே, தியேட்டர், டயட் என்று ஒவ்வொரு பிரிவும் தன் என்ட்ரியை மூட வேண்டும். ஒரு பிரிவு மூடாவிட்டாலும் பில்லிங்கில் பைனல் பில் அச்சாகாது.

செய்யக்கூடியது: முந்தின நாள் சாயங்கால ரவுண்ட்ஸிலேயே "நாளைக்கு அனுப்புவீங்களா?" என்று டாக்டரிடம் கேட்டு, கேஸ் ஷீட்டில் (சிகிச்சைக் குறிப்பேட்டில்) அதை எழுத வையுங்கள். எழுதிவிட்டால் இரவு டியூட்டி டாக்டர் சம்மரியைத் தயார் செய்து வைப்பார், காலை ரவுண்ட்ஸிலேயே கையெழுத்து விழும். வாயால் சொன்னது மட்டும் இருந்தால் இரவு ஷிப்டுக்கு அது தெரியாது.

வார்டுக்காரி | ஆகஸ்ட் 12, 2025, மதியம் 2:10

மருந்து ரிட்டர்னை மறந்துட்டீங்க சார். வார்டில் மிச்சமான ஊசி, மாத்திரை, சலைன் பாட்டில் எல்லாம் எண்ணி, பார்மசிக்குத் திருப்பி அனுப்பி, அங்கே கிரெடிட் போட்டால்தான் பார்மசி கணக்கு மூடும். ரிட்டர்ன் பையைக் கையில் வைத்துக்கொண்டு அட்டெண்டருக்குக் காத்திருப்பதே முக்கால் மணி ஆகும். முந்தின நாள் ராத்திரியே "மிச்ச மருந்தை ரிட்டர்ன் போட்டுடுங்க, காலை டோஸுக்கு மட்டும் வச்சுக்குங்க"ன்னு சிஸ்டர்கிட்ட சொன்னால் செய்வோம். காலை எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும். அப்போது கேட்டால் நடக்காது.

கையில் இருக்கும் கேன்யுலாவை (ஊசி மருந்து ஏத்துற குழாய்) ஏன் கடைசி வரை எடுக்கலைன்னு எல்லாரும் திட்டுவாங்க. பில் கட்டாமல் ஓடிடக் கூடாதுன்னு இல்லை! டிஸ்சார்ஜுக்கு முன் இன்னொரு டோஸ் இருக்கும், எடுத்துட்டால் மறுபடி குத்தணும். கடைசி டோஸ் போயாச்சுன்னா எடுக்கச் சொல்லிக் கேளுங்க, அதுக்கும் பில்லுக்கும் சம்பந்தம் இல்லை.

மேசைக்காரர் | ஆகஸ்ட் 12, 2025, இரவு 10:05

ரிட்டர்னை விட்டது என் தவறுதான். சரி, அறுபதாயிரத்துக்கு வருவோம்.

ஐந்து லட்சம் பாலிசி, அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு பாலிசித் தொகையில் 1 சதவீதம் என்று வையுங்கள், அதாவது ரூ.5,000. நீங்கள் எடுத்தது ரூ.8,000 அறை. நான்கு நாள். அறை வாடகை 32,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் சேர்த்து 1,20,000. மருந்து 38,000. டெஸ்ட் 14,000. கையுறை, டயாபர் வகையறா 6,000. மொத்தம் 2,10,000.

அறைக்கு ஒரு நாளைக்கு மூவாயிரம்தானே கூடுதல், நாலு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் கட்டினால் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். முடியாது. 5,000-ஐ 8,000-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். பில் முழுவதையும் அந்த விகிதத்தில் வெட்டுவார்கள். 6,000 கழித்த 2,04,000-இல் 62.5 சதவீதம் 1,27,500. உங்கள் தலையில் விழுவது 82,500.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 13, 2025, காலை 8:30

மேசைக்காரரே, அது பழைய கணக்கு. 2020-இல் ஐஆர்டிஏஐ வரையறுத்த பிறகு விகித வெட்டை முழு பில்லுக்கும் போட முடியாது. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (பயன்படுத்தி எறியும் பொருள்கள்), இம்பிளான்ட் (உடலுக்குள் பொருத்துவது), மருத்துவக் கருவி, டெஸ்ட் எல்லாம் அதற்கு வெளியே. ஐசியு கட்டணத்திலும் விகித வெட்டு கூடாது. அறைக்கு ஏற்றபடி கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரி என்றால் விகித வெட்டே கிடையாது.

உங்கள் எண்களையே வைத்துப் போடுகிறேன். அறையில் 12,000 வெட்டு. 1,20,000-இல் 62.5 சதவீதம் 75,000, வெட்டு 45,000. மருந்தும் டெஸ்டும் சேர்ந்த 52,000 முழுசாகக் கிடைக்கும். 6,000 போனது போனதுதான். ஆக நோயாளி கட்டுவது 63,000, நீங்கள் சொன்ன 82,500 அல்ல.

மேசைக்காரர் | ஆகஸ்ட் 13, 2025, காலை 9:15

ஒப்புக்கொள்கிறேன், 63,000 சரி. திருச்சிக்காரர் சொன்ன அறுபதாயிரமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

நான் செய்த அதே தப்பு கம்பெனி அனுப்பும் செட்டில்மென்ட் தாளிலும் வரும் என்பதால் ஒன்று சொல்கிறேன். இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் 19,500. அது சரியாக 52,000-இன் 37.5 சதவீதம். உங்கள் செட்டில்மென்ட் தாளில் பார்மசி வரியிலோ லேப் வரியிலோ "விகிதாசார வெட்டு" என்று இருந்தால், அந்த ஒரு வரியை மட்டும் குறிப்பிட்டு மெயில் போடுங்கள். "ஏன் இவ்வளவு வெட்டினீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

திருச்சிக்காரர் | ஆகஸ்ட் 13, 2025, இரவு 8:00

அப்படியென்றால் 5,000 ரூபாய் அறை எடுத்திருந்தால் 6,000 மட்டும் கட்டிவிட்டு வந்திருக்கலாமா?

மேசைக்காரர் | ஆகஸ்ட் 13, 2025, இரவு 8:40

ஆமாம். பில்லே குறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பல ஆஸ்பத்திரிகளில் சர்ஜன் பீஸும் தியேட்டர் சார்ஜும் அறைக்குத் தகுந்தபடி ஏறும். அதே டாக்டர், அதே கத்தி, அதே மேசை, ரேட் மட்டும் வேறு.

ஆனால் 5,000 அறை என்று போர்டில் இருப்பதை நம்பி எடுக்காதீர்கள். கேஷ்லெஸ் கேட்டு நிரப்பும் ப்ரீ-ஆத் படிவத்தில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்: ஒரு நாள் அறை வாடகை, நர்சிங் மற்றும் சேவைக் கட்டணம், நோயாளி உணவு எல்லாம் ஒரே தொகையாகக் கேட்டிருக்கும். போர்டில் 4,500, நர்சிங் 800 என்றால் 5,300 ஆகிறது. பாலிசியில் வரம்பு "அறை, உணவு, நர்சிங் சேர்த்து" என்று எழுதியிருந்தால் தாண்டிவிட்டீர்கள். முந்நூறு ரூபாய்தானே என்று விட்டால் விகித வெட்டு அங்கேயும் உண்டு.

சில பாலிசியில் ரூபாய் வரம்பு இருக்காது, "சிங்கிள் பிரைவேட் ஏசி ரூம்" என்று இருக்கும். ஆஸ்பத்திரியிலோ அறைகளின் பெயர் டீலக்ஸ், சூப்பர் டீலக்ஸ், எக்ஸிக்யூட்டிவ். எது சிங்கிள் பிரைவேட் என்று டெஸ்கில் கேட்டு, படிவத்தில் அந்த வகையின் பெயரையே எழுத வையுங்கள். தகுதியான அறை காலியில்லை என்று மேல் அறையைத் தள்ளிவிட்டால், "காலியில்லை" என்பதை லெட்டர்ஹெட்டில் வாங்கி ப்ரீ-ஆத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். கம்பெனி அதை ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் பிறகு சண்டை போட அந்த ஒரு தாள்தான் இருக்கும். அறை காலியானதும் இறக்கி விடச் சொல்லவும் மறக்காதீர்கள், அவர்களாக ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 14, 2025, காலை 7:55

என் கணக்கில் நானே ஒன்றை விட்டுவிட்டேன். 8,000 ரூபாய் அறைக்கு ஜிஎஸ்டி. ஐசியு அல்லாத அறை நாளொன்றுக்கு ரூ.5,000-ஐத் தாண்டினால் 5 சதவீதம், 2022 ஜூலை 18 முதல். நாலு நாளைக்கு 1,600. சரியாக 5,000 என்றால் வரி இல்லை. அதனால்தான் பல ஆஸ்பத்திரிகளில் ரூ.4,990 அறைகள் முளைத்தன. செருப்புக் கடை விலை போல.

வார்டுக்காரி | ஆகஸ்ட் 16, 2025, இரவு 11:30

அந்த 6,000 யாருக்கும் புரிவதில்லை. "கையுறைக்குக் காசா? டாக்டர் வெறும் கையால் தொடுவாரா?"ன்னு எங்ககிட்டதான் சண்டை. யாராவது விளக்குங்க.

மேசைக்காரர் | ஆகஸ்ட் 17, 2025, காலை 7:20

2020 வழிகாட்டுதலில் நான்கு பட்டியல் இருக்கிறது. முதல் பட்டியலில் 68 பொருள்: கம்பெனி தர வேண்டிய கட்டாயம் இல்லை. கையுறை, மாஸ்க், டயாபர், கிரேப் பேண்டேஜ், ஈசிஜி எலக்ட்ரோடு, நெபுலைசர் கிட், தெர்மாமீட்டர், இடுப்பு பெல்ட், மினரல் வாட்டர். கன்ஸ்யூமபிள்ஸ் ரைடர் (பாலிசியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் பாதுகாப்பு) வாங்கியிருந்தால் இவற்றில் பெரும்பாலானவை வரும், இல்லாவிட்டால் கைக்காசு.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இரண்டாம், மூன்றாம் பட்டியல். இரண்டாவதில் 37 பொருள் அறை வாடகைக்குள் அடங்க வேண்டியவை: ஹவுஸ்கீப்பிங், ஏசி கட்டணம், ஊசி போடும் கட்டணம், போர்வை, அட்மிஷன் கிட், பைல் ஓப்பனிங், டாக்குமென்டேஷன் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம், விசிட்டர் பாஸ், கையில் கட்டும் பெயர்ப் பட்டை, பல்ஸ் ஆக்ஸிமீட்டர். மூன்றாவதில் 23 பொருள், ஆபரேஷன் கட்டணத்துக்குள் அடங்க வேண்டியவை: பஞ்சு, காஸ், பிளேடு, சர்ஜிக்கல் டேப், எக்ஸ்ரே பிலிம், தியேட்டர் புக்கிங்.

ஆஸ்பத்திரி இவற்றைத் தனி வரியாகப் போட்டால் கம்பெனி வெட்டும். வெட்டியதை ஆஸ்பத்திரி உங்களிடம் வசூலிக்கும். அந்த இடத்தில் சண்டை கம்பெனியோடு இல்லை, பில்லிங் கவுண்டரோடு. "ஹவுஸ்கீப்பிங் அறை வாடகைக்குள்ளதானே வரணும், தனியா ஏன் போட்டீங்க, எடுங்க" என்று பட்டியல் எண்ணைச் சொல்லிக் கேட்டால் எடுக்கும் இடங்கள் உண்டு. எடுக்காவிட்டால் சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பைனல் பில் அப்லோடு ஆவதற்கு முன்பு கேட்க வேண்டும் என்பது முக்கியம். போன பிறகு கேட்டால் "சிஸ்டம் லாக் ஆயிடுச்சு".

முதல் பட்டியலில் ஒரு சுவாரஸ்யமான வரி: விவரம் இல்லாத எந்த "கிட்"டும் கிடையாது. பில்லில் "ஆர்த்தோ கிட் 4,800" என்று ஒற்றை வரியாக இருந்தால் மொத்தமும் போகும். அந்தக் கிட்டைப் பிரித்து எழுதினால் உள்ளே இருக்கும் தையல் நூலுக்கும் மருந்துக்கும் காசு கிடைத்திருக்கும். இன்டரிம் பில் (அன்றுவரையிலான பில்) தினமும் கேட்டு வாங்குங்கள், "கிட்" என்ற சொல்லைத் தேடுங்கள். கிடைத்த அன்றே பிரேக்-அப் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 17, 2025, காலை 9:00

கையில் குத்தும் கேன்யுலா, அந்த "வாசோபிக்ஸ் சேப்டி"யும் முதல் பட்டியலில்தான் இருக்கிறது. வார்டுக்காரிக்குக் கோபம் வரும்.

வார்டுக்காரி | ஆகஸ்ட் 17, 2025, மதியம் 1:15

வந்துருச்சு.

திருச்சிக்காரர் | ஆகஸ்ட் 24, 2025, இரவு 9:10

இன்னொரு தொல்லை. "முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள்" என்று கிளெய்மைத் தள்ளுபடி செய்கிறார்கள். சர்க்கரை இரண்டு வருஷமாகத்தான் இருக்கிறது என்றால், "ஆஸ்பத்திரி பேப்பரிலேயே பத்து வருஷம்னு இருக்கு" என்கிறார்கள். அந்தப் பத்து எங்கிருந்து வருகிறது?

மேசைக்காரர் | ஆகஸ்ட் 24, 2025, இரவு 11:50

கேஷுவாலிட்டியில் இருந்து. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் மனிதரிடம் டியூட்டி டாக்டர் "சுகர் இருக்கா, எத்தனை வருஷமா?" என்று கேட்கிறார். கூட வந்த மச்சான், அக்கா மகன், யாரோ ஒருவர் "அது கிடக்கு ஒரு பத்து வருஷமா" என்கிறார். "சர்க்கரை நோய் – 10 ஆண்டு" என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடுகிறது. அங்கிருந்து ப்ரீ-ஆத் படிவத்துக்கும், அங்கிருந்து சம்மரிக்கும் நகல் ஆகும். பாலிசி எடுத்து நாலு வருஷம். கதை முடிந்தது.

ப்ரீ-ஆத் படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், கொழுப்பு, ஆஸ்துமா, மது என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும், பக்கத்தில் "எந்த மாதம், எந்த வருஷம் முதல்" என்று கேட்டிருக்கும். அந்தப் பக்கத்தை டெஸ்க் அனுப்புவதற்கு முன் வாங்கிப் படியுங்கள். ஐந்து நிமிஷ வேலை. மதுவும் அப்படித்தான். "எப்பவாவது" என்று நீங்கள் சொல்வது பேப்பரில் "குடிப்பழக்கம் உண்டு" என்று விழுந்தால், கல்லீரல், கணையம் சம்பந்தப்பட்ட எந்தக் கிளெய்மிலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

பொய் எழுத வைக்கச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் முதல் சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட், முதல் மருந்துச்சீட்டு, இரண்டையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள். தேதி அதில் இருக்கிறது. யாரும் ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை. தப்பாக ஏறிவிட்டால் சிகிச்சை தந்த டாக்டரிடமே அந்த ஆதாரத்தைக் காட்டி, "நோயின் காலம் தவறாகப் பதிவானது, ஆவணப்படி இன்ன தேதி முதல்" என்று கையெழுத்து, பதிவு எண், முத்திரையோடு தனிச் சான்று வாங்குங்கள். கேஸ் ஷீட்டை அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் சந்தேகம் கூடும், டாக்டருக்கும் வம்பு.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 25, 2025, காலை 8:10

பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடியிருந்தால், மறைத்தார், தவறாகச் சொன்னார் என்ற காரணத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர. முன்பு எட்டு வருஷமாக இருந்தது, 2024 ஏப்ரல் முதல் ஐந்து. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 36 மாதம்தான். கம்பெனி மாற்றும்போது போர்ட் செய்தால் (விடாமல் தொடர்ச்சியாக மாற்றினால்) பழைய வருஷங்கள் கூடவே வரும். விட்டுவிட்டுப் புதுசாக எடுத்தால் பூஜ்யத்தில் இருந்து.

மேசைக்காரர் | ஆகஸ்ட் 25, 2025, இரவு 10:30

பூஜ்யம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ரின்யூவல் கெடு தாண்டிப் போவதும் அதே கதைதான். பிரீமியம் எஸ்எம்எஸ் பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கும். ஏஜென்ட் தன் நம்பரைக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். பாலிசியில் யார் நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

வார்டுக்காரி | செப்டம்பர் 2, 2025, மதியம் 3:40

தனியார் பாலிசி பத்தியே பேசறீங்க. எங்க வார்டில் பாதிப் பேர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான். "அட்டை இருக்கு, ஆனா இந்த ஆபரேஷனுக்குச் செல்லாதுன்னுட்டாங்க"ன்னு அழுவாங்க.

மேசைக்காரர் | செப்டம்பர் 2, 2025, இரவு 9:25

அங்கே சிக்கலே வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் கொண்டுபோய் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். இதில் அறை வாடகை, விகித வெட்டு எதுவும் கிடையாது. நிர்ணயித்த சிகிச்சைகளுக்கு நிர்ணயித்த பேக்கேஜ் தொகை, அவ்வளவுதான்.

ஆனால் பேக்கேஜ் பட்டியலில் இல்லாத சிகிச்சைக்குச் செல்லாது. பட்டியலில் இருந்தாலும் அந்த ஆஸ்பத்திரி அந்தப் பிரிவுக்கு அனுமதி பெற்றிருக்க வேண்டும். எலும்புக்குச் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரி இதயத்துக்குச் சேராமல் இருக்கலாம். வாசலில் இருக்கும் பெரிய போர்டு இதைச் சொல்லாது. அதனால் "அட்டை எடுத்துக்குவீங்களா?" என்று கேட்காதீர்கள், "இந்த ஆபரேஷனுக்கு, இந்தப் பிரிவில் எடுத்துக்குவீங்களா?" என்று கேளுங்கள். சேர்வதற்கு முன்பே 1800 425 3993-க்கு அடித்துக் கேட்கலாம், காசு கிடையாது. அனுமதி வந்த சிகிச்சைக்கு மேலே தனியாகப் பணம் கேட்டால் அதே நம்பரில்தான் புகார்.

சாலை விபத்து என்றால் அட்டையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முதல் 48 மணி நேரத்துக்கு "நம்மைக் காக்கும் 48" திட்டம் இருக்கிறது, 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் செல்லும்.

கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 3, 2025, காலை 8:00

விபத்து என்றால் ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்க மறக்காதீர்கள். தனியார் பாலிசி, வாகன இன்சூரன்ஸ், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எல்லா இடத்திலும் கேட்பார்கள். அதில் "மது வாடை" என்ற வரி இருக்கிறதா, இல்லையா என்பதைச் சேர்த்த அன்றே பார்த்துவிடுவது நல்லது.

திருச்சிக்காரர் | செப்டம்பர் 14, 2025, இரவு 7:45

கேஷ்லெஸ் மறுத்துவிட்டார்கள், காசைக் கட்டிவிட்டுப் பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட் போடுங்கள் என்கிறார்கள். இப்போது ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் நகல் தர மாட்டேன் என்கிறது. "அது ஆஸ்பத்திரி சொத்து" என்று பதில்.

மேசைக்காரர் | செப்டம்பர் 14, 2025, இரவு 10:15

தாள் அவர்களுடையதாக இருக்கலாம், நகல் உங்களுக்கு உரிமை. 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகளில் தெளிவாக இருக்கிறது: உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்காதீர்கள். ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, "முழு உள்நோயாளி கேஸ் ஷீட் நகல்" என்று ஒரு பக்கக் கடிதம். மருத்துவ ஆவணப் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் சீல் வாங்குங்கள். சீல் விழுந்த பிறகு "சொத்து" பேச்சு குறைந்துவிடும். நகல் எடுக்கும் காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அதுவும் முதல் பட்டியலில் இருக்கிறது, கம்பெனி தராது!

ரீஇம்பர்ஸ்மென்டுக்கு: கிளெய்ம் படிவத்தின் முதல் பகுதி நீங்கள் நிரப்புவது, இரண்டாம் பகுதி ஆஸ்பத்திரி நிரப்பி சீல் போடுவது. இந்த இரண்டாம் பகுதியை டிஸ்சார்ஜ் அன்றே வாங்காவிட்டால் பிறகு நாலு நடை. சம்மரி, பிரேக்-அப்போடு பைனல் பில், பணம் கட்டிய ரசீது (பில் வேறு, ரசீது வேறு, இதில்தான் அதிகம் திரும்பி வருகிறது), மருந்து பில்லுக்கு உரிய சீட்டு, டெஸ்ட் ரிப்போர்ட், ரத்து செய்த காசோலை. ஸ்டென்ட், மூட்டு, லென்ஸ் வைத்தால் அந்த டப்பாவின் மேல் இருக்கும் ஸ்டிக்கர் கட்டாயம். வரிசை எண் அதில்தான் இருக்கும், தியேட்டரில் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அதன் இன்வாய்ஸும் வேண்டும். ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் இருந்தும் செயற்கை முழங்கால் மூட்டுக்கு அதே வருஷம் ஆகஸ்ட்டில் இருந்தும் விலை வரம்பு இருப்பதால், இன்வாய்ஸ் இருந்தால் விலை சரியா என்று நீங்களும் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் அனுப்பும் முன் ஒரு செட் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஒரிஜினல் போனால் போனதுதான்.

கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 23, 2025, காலை 7:30

கொசுறு: நேற்று, செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. வேலை பார்க்கும் நிறுவனம் மூலம் வரும் குரூப் பாலிசிக்கு இந்த விலக்கு கிடையாது. அறை வாடகை ஜிஎஸ்டி அப்படியே இருக்கிறது, ரூ.4,990 அறையும் அப்படியே இருக்கும்.

திருச்சிக்காரர் | அக்டோபர் 5, 2025, இரவு 9:00

ரீஇம்பர்ஸ்மென்டும் மறுத்தால்? கன்ஸ்யூமர் கோர்ட்டா?

மேசைக்காரர் | அக்டோபர் 5, 2025, இரவு 11:10

அதற்கு முன்னால் ஆம்பட்ஸ்மன் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்). முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு மெயில். மெயிலில் மறுப்புக் கடிதத்தின் காரணத்தை அப்படியே எடுத்துப் போட்டு, அது பாலிசியின் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: மறுப்பதற்கு முன் கிளெய்ம் பரிசீலனைக் குழு ஒப்புதல் கொடுத்ததா? 2024 சர்குலர்படி அந்த ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது. இந்தக் கேள்விக்குப் பிறகு சில கோப்புகள் "மறுபரிசீலனையில்" என்று மாறுகின்றன.

ஒரு மாதம் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஆம்பட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னை தேனாம்பேட்டை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க அனுமதியும் இல்லை, 50 லட்சம் வரை விசாரிக்கலாம். கம்பெனி மறுத்த நாளில் இருந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். அதே விஷயம் கன்ஸ்யூமர் கோர்ட்டில் இருந்தால் எடுக்க மாட்டார்கள், அதனால் வரிசை முக்கியம். உங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்தால் கம்பெனி 30 நாளில் கட்ட வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.5,000 உங்களுக்கு அபராதம்.

திருச்சிக்காரர் | அக்டோபர் 6, 2025, காலை 6:50

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. வார்டுக்காரி சொன்ன மருந்து ரிட்டர்ன், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்களா?

வார்டுக்காரி | அக்டோபர் 6, 2025, மதியம் 2:30

எடுக்க மாட்டாங்க. பிரிக்காத அட்டை, சீல் உடைக்காத ஊசி, பில்லில் இருக்கிற அதே பேட்ச் நம்பர் மட்டும். பாதி அட்டையைச் சில இடத்தில் எடுப்பாங்க, சில இடத்தில் மாட்டாங்க. பிரிட்ஜில் வைக்கிற எதுவும், இன்சுலின் மாதிரி, ஒரு தடவை வார்டுக்கு வந்தால் திரும்பிப் போகாது. அது வார்டு பிரிட்ஜில் உங்க பேர், ஐபி நம்பர் எழுதி மேல்தட்டில் இருக்கும். கிளம்புற அவசரத்தில் எல்லாரும் விட்டுட்டுப் போயிடுவாங்க. காசு கட்டினது நீங்க. ஒரு ஐஸ் பேக் கேட்டு வாங்கி அதோட எடுத்துட்டுப் போங்க.